கண்ணாடி மாடத்துக் களிம்பு

நடுத்தரக் குடும்பத்தார் வசிக்கும் வீடு எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே ஒரு மாடமோ பலகையோ இருக்கும். அதில் சீப்பு, குங்குமச் சிமிழ், தேங்காய் எண்ணெய்ப் புட்டி இவற்றின் நடுவே, வாய் நசுங்கி வயிறு ஒட்டிப்போன களிம்புக் குழாய் ஒன்று கிடக்கும். அதை யாருக்காக வாங்கினார்கள், எப்போது வாங்கினார்கள் என்பது வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் இராது. ஆயினும் அதற்கு ஓய்வு மட்டும் கிடையாது. குழந்தைக்குக் கொசு கடித்துத் தடித்தால் அந்தக் களிம்பு. பாட்டிக்குக் கணுக்காலில் அரித்தால் அதே களிம்பு. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு முகத்தில் பரு வந்தாலும் அதே களிம்புதான். சர்வரோக நிவாரணி என்று நம் முன்னோர் எதை எதையோ தேடி அலைந்தார்கள். நாமோ அதைப் பக்கத்து மருந்துக் கடையில் சில்லறைக் காசுக்கு வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் குழாயைச் சற்று வெளிச்சத்தில் பிடித்து, பெரிய எழுத்தில் உள்ள வியாபாரப் பெயரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்தாற்போல் அச்சிட்டிருக்கும் சிறு எழுத்துக்களைப் படித்துப் பார்க்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன், டெக்ஸாமெத்தசோன் என்று 'சோன்' என முடியும் பெயரோ, குளோபெட்டசால் என்ற பெயரோ, ஃப்ளூசினோலோன், டிரையாம்சினோலோன் என்று 'லோன்' என முடியும் பெயரோ அங்கே இருந்தால், உங்கள் வீட்டில் இருப்பது ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த வீரியமுள்ள மருந்து என்று அறியலாம். அது தக்க இடத்தில் தக்க நாட்களுக்குப் பூசினால் நோயாளிக்குக் கிடைத்த வரப்பிரசாதம். கண்ட இடத்தில் கண்டபடி பூசினால், நோயைக் காட்டிலும் பெரிய நோய்.

திண்டுக்கல்லுக்கு வடக்கே, தாடிக்கொம்பை அடுத்த அகரத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறோம். இந்தச் சமவெளியின் வெயிலை நேயர்களுக்கு வர்ணிக்கத் தேவையில்லை. வியர்வையும் புழுதியும் உள்ள ஊரில் படர்தாமரைக்கும் வேர்க்குருவுக்கும் பஞ்சம் ஏது? நூற்பாலையில் நின்று வேலை செய்பவர்களும், வயலில் நாள் முழுதும் குனிந்திருப்பவர்களும், நெருக்கமான வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் சொறிந்துகொண்டே பொழுதைப் போக்கவேண்டியிருக்கிறது. ஒரு நாள் கூலியை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போக யாருக்கு மனம் வரும்? ஆகவே மருந்துக் கடைப் படியில் நின்றபடியே வைத்தியம் முடிந்துவிடுகிறது.

"தம்பி, இடுப்பிலே ஒரே அரிப்பு. நல்லதா ஒண்ணு குடு."

"இதைப் போடுங்கக்கா. ரெண்டே நாள்ல அடங்கிரும்."

அடங்கிவிடுவதும் வாஸ்தவந்தான். இந்த மருந்தின் அபாயமே அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

மூட்டு வாதத்திலிருந்து முகப்பூச்சு வரை

நம் சிறுநீரகங்களின் தலைமேல் குல்லாய் வைத்தாற்போல் இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் சுரக்கும் கார்ட்டிசால் என்னும் பொருள், உடம்பில் எங்கே வீக்கமும் கொதிப்பும் கண்டாலும் அதை அடக்குகிறது. இதே இனத்தைச் சேர்ந்த கார்ட்டிசோனை 1948-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் பிலிப் ஹென்ச்சும் அவருடைய சகாக்களும் மூட்டு வாதத்தால் முடங்கிக் கிடந்த இளம் பெண் ஒருத்திக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். சில நாட்களுக்குள் அவள் நடமாடத் தொடங்கினாள். உலகம் அதிசயித்தது. 1950-ல் ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1952-ல் சல்ஸ்பர்கர், விட்டன் என்ற இரு வைத்தியர்கள், ஹைட்ரோகார்ட்டிசோனைக் களிம்பாகக் குழைத்துத் தோலின்மேல் பூசினால் கரப்பான் முதலிய நோய்கள் தணிகின்றன என்று கண்டு வெளியிட்டார்கள். அதுவரை தாரிலும் களிம்புகளிலும் கட்டுத் துணியிலும் காலங்கழித்து வந்த தோல் நோயாளிகளுக்கு அது மறுபிறவி என்றே சொல்லலாம். அதன்பின் இரசாயன நிபுணர்கள் அதைவிட வீரியமுள்ள சரக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து தந்தார்கள். இன்று லேசானது, நடுத்தரமானது, வீரியமானது, அதிவீரியமானது என்று இவற்றை வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

இங்கே படித்தவர்கள்கூட ஏமாறும் இடம் ஒன்று உண்டு. குழாயின்மேல் அச்சிட்டுள்ள சதவிகிதத்தைப் பார்த்து வீரியத்தை மதிப்பிடக் கூடாது. 1 சதவிகித ஹைட்ரோகார்ட்டிசோன் லேசான வகையைச் சேர்ந்தது. 0.05 சதவிகித குளோபெட்டசாலோ அதிவீரிய வகையைச் சேர்ந்தது. இருபதில் ஒரு பங்கு அளவே இருக்கும் சரக்கு, மற்றதைப் பலமடங்கு விழுங்கிவிடும். மிளகாயையும் பூசணிக்காயையும் எடையைப் பார்த்தா காரம் சொல்லுகிறோம்?

வெளுப்பு என்னும் மாயை

இந்த மருந்து தோலில் பட்டதும் அடியில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கும். இரத்த ஓட்டம் குறையவே அந்த இடம் வெளுக்கும். 1962-ல் மெக்கென்ஸி, ஸ்டவ்டன் என்ற இருவர், இந்த வெளுப்பையே அளவுகோலாக வைத்து மருந்தின் வீரியத்தை அளக்கலாம் என்று காட்டினார்கள். ஆகையால், களிம்பைத் தடவிய சில நாளில் முகம் வெளுத்துவிட்டது என்று நம் பெண்கள் ஆனந்தப்படும்போது, உண்மையில் அவர்கள் காண்பது அழகின் உதயமல்ல. இரத்தக் குழாய்கள் சுருண்டு கிடப்பதைத்தான் காண்கிறார்கள்.

இன்னொரு பாதையாகவும் இது முகத்துக்கு வந்து சேர்ந்தது. முகத்தில் விழும் மங்குக்காக, 1975-ல் கிளிக்மன், வில்லிஸ் என்ற இரு நிபுணர்கள் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், டெக்ஸாமெத்தசோன் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு கலவை கண்டார்கள். வைத்தியரின் கண்காணிப்பில், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பூசவேண்டிய மருந்து அது. அதன் வழித்தோன்றல்கள் நம் நாட்டில் சிவப்பழகு தரும் களிம்பாகக் கைமாறிக் கைமாறி வீட்டுக்குள் புகுந்துவிட்டன. அக்காள் தங்கைக்குச் சொல்ல, தங்கை தோழிக்குச் சொல்ல, பெண் பார்க்க வருவதற்கு ஒரு மாதம் முன்னால் தாயே மகளுக்கு வாங்கிக் கொடுக்கிறாள்.

தோலை உரித்துப் பார்த்தால் எல்லோருக்கும் இரத்தம் ஒரே சிவப்புத்தான். ஆனால் கல்யாணச் சந்தையில் மேல்தோலுக்கு மட்டும் விலை வைத்திருக்கிறோம். அந்நியர் ஆட்சியைத் தொலைத்து முக்கால் நூற்றாண்டு கடந்தும், வெள்ளைத் தோலுக்குப் பணியும் புத்தியைத் தொலைத்தபாடில்லை. அதற்கு அபராதம் கட்டுகிறவர்கள் பதினெட்டும் இருபதும் வயதான நம் பெண்கள்.

நாம் அறிந்த மாணவி ஒருத்தி இப்படித்தான் அவதிப்பட்டாள். பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தவள். உறவுக்காரி ஒருத்தி கொடுத்த களிம்பை எட்டு மாதம் இரவுதோறும் பூசி வந்தாள். முதலில் முகம் பளபளத்தது. பிறகு கன்னமெல்லாம் சிவந்து, சிலந்தி வலை போல் நுண்ணிய நாளங்கள் தெரிந்தன. மோவாயில் மயிர் அரும்பியது. முகம் முழுதும் பரு. அடுப்பண்டை நின்றால் எரிச்சல், வெயிலில் நடந்தால் எரிச்சல். பூசுவதை நிறுத்தினாலோ மூன்றாம் நாள் முகம் வீங்கிக் கொதிக்கும். மறுபடி பூசினால் அடங்கும். வகுப்பில் தாவணியால் முகத்தை மூடிக்கொண்டு கடைசிப் பெஞ்சில் உட்காருவாள். அழகுக்காகப் பூசத் தொடங்கியவள், மற்றவர் முன்னிலையில் முகத்தைக் காட்டவே அஞ்சும் நிலைக்கு வந்துவிட்டாள். தாயாரை அழைத்துப் பேசி, தோல் வைத்தியரிடம் போகச் செய்தோம். குணமாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த முதல் சில வாரங்களின் எரிச்சலைப் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பொறுத்த பொறுமையைப் பரீட்சையில் வாங்கும் எந்த மார்க்கினாலும் அளக்க முடியாது.

இது ஏதோ அபூர்வமாக நேர்ந்த சம்பவம் என்று எண்ண வேண்டாம். இந்தியத் தோல் வைத்தியர்கள் பல ஊர்களில் உள்ள 12 மையங்களில் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முகத்தில் தோல் நோயுடன் வந்த 2,926 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் 433 பேர், அதாவது நூற்றுக்குப் பதினைந்து பேர், முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த 433 பேரில் 257 பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் வைத்தியர் அல்லர். 126 பேர் அதைச் சிவப்பழகுக் களிம்பாகவோ, எதற்கும் பொதுவான முகப்பூச்சாகவோ எண்ணியிருந்தார்கள்.

படர்தாமரைக்கு எரு

முகத்தை விட்டு இடுப்புக்கு வருவோம். படர்தாமரை என்பது ஒருவகைக் காளான் தோலில் குடியேறுவதால் வருவது. ஸ்டீராய்டுக்கு அந்தக் காளானைக் கொல்லும் சக்தி கிடையாது. காளானை எதிர்த்து உடம்பு மூட்டும் கொதிப்பை அது அடக்கிவிடும். அரிப்பும் சிவப்பும் மறையும். நோயாளி குணமாகிவிட்டதென்று நிம்மதியாகத் தூங்குவார். காவற்காரனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதைதான். ஒரு ரூபாய் அகலம் இருந்த வட்டம் சில வாரங்களில் வயிறு, தொடை, முதுகு என்று பரவும். வட்டத்தின் உருவமே மாறிப்போவதால், அனுபவமுள்ள வைத்தியரும் ஒரு கணம் தயங்க நேரிடும்.

ஸ்டீராய்டு, காளான் மருந்து, கிருமிநாசினி மூன்றையும் ஒன்றாகக் கலந்த களிம்புகள் நம் கடைகளில் மிகுதியாக விற்பனையாகி வந்திருக்கின்றன. சென்ற பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தேசமெங்கும் படர்தாமரை எளிதில் தீராத வியாதியாக மாறியதற்கு, தோல் வைத்தியர்கள் கூறும் காரணங்களுள் இதுவும் ஒன்று. ஒருவகைக் காளானுக்கு 2020-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 'டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே' என்று பெயர் சூட்டினார்கள். வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினஃபின் மருந்துக்கு அது பல சமயம் மசிவதில்லை. 2023-ல் நியூயார்க்கில் இருவரிடம் அது காணப்பட்டதாக அமெரிக்க அரசாங்கத்தின் சுகாதார இலாகா அறிவித்தது. பாரத தேசத்தின் பெயர் உலகெங்கும் பரவவேண்டும் என்று நாம் ஆசைப்படுவது உண்மை. அது ஒரு சொறிக் காளானின் மூலமாகத்தானா பரவவேண்டும்?

இதே காரணத்தால், சொறி சிரங்கு, அக்கி, பரு, சீழ் வைத்த புண் இவற்றின்மேலும் இந்தக் களிம்பைத் தானாகப் பூசலாகாது. வெளுத்த தேமல் ஒன்று உடம்பில் தோன்றி, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால், அது தொழுநோயின் ஆரம்பமாக இருக்கலாம். களிம்பைப் பூசி நாட்களைக் கடத்தாமல் உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும். ஆரம்பத்தில் கண்டால் அது முற்றிலும் குணமாகும் நோய்.

சட்டம் சொல்வது

1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளில் 'ஹெச்' அட்டவணை என்று ஒன்று உண்டு. அதில் சேர்ந்த மருந்தை வைத்தியரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது. ஸ்டீராய்டுகள் அதில் இருந்தபோதிலும், அவற்றில் பலவற்றின் மேற்பூச்சுக் களிம்புகளுக்கு நெடுங்காலம் விலக்கு இருந்தது. தோல் வைத்தியர்கள் சங்கத்தார் பல வருஷம் மன்றாடிய பின்னர், 2018 மார்ச்சில் இந்திய அரசாங்கம் பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் உள்ளிட்ட 14 ஸ்டீராய்டுகளின் களிம்புகளையும் சீட்டின்றி விற்கலாகாது என்று உத்தரவு பிறப்பித்தது. சட்டம் புத்தகத்தில் ஏறிவிட்டது. மருந்துக் கடைப் படியில் அது இன்னும் முழுவதும் ஏறவில்லை. கடைக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கேட்கிறவர் இருக்கும் வரையில் கொடுக்கிறவரும் இருப்பார்.

அப்படியானால் தொடவே கூடாதா?

நிற்க. இவ்வளவும் படித்துவிட்டு, ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதுமே குழாயைக் குப்பையில் எறிவோரும் உண்டு. அதுவும் தவறு. கரப்பானால் இரவெல்லாம் சொறிந்து இரத்தம் கசியும் குழந்தைக்கு, வைத்தியர் எழுதிக் கொடுத்த களிம்பைப் பயந்து பூசாமல் வைத்திருப்பது அந்தக் குழந்தைக்குச் செய்யும் கொடுமை. வேண்டிய அளவு, வேண்டிய நாட்கள் பூசினால் கரப்பான் தணியும், குழந்தை தூங்கும், தோலும் கெடாது. பூசவேண்டிய இடம், மருந்தின் வீரியம், அளவு, நாட்கள் இந்த நான்கையும் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

இடத்தை ஏன் முதலில் சொல்கிறோம் என்றால், தோல் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இல்லை. 1967-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைப் பல இடங்களில் பூசி, உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் உட்செல்வது 1 பங்கு என்று வைத்துக்கொண்டால், உள்ளங்காலில் அதில் ஏழில் ஒரு பங்குதான். நெற்றியில் 6 பங்கு. தாடையில் 13 பங்கு. ஆண்களின் விதைப் பையில் 42 பங்கு! உள்ளங்காலுக்கு என்று எழுதிக் கொடுத்த களிம்பை முகத்திலும் தொடையிடுக்கிலும் பூசுவது எவ்வளவு விபரீதம் என்று இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். கண்ணைச் சுற்றிப் பலநாள் பூசினால் கண்ணுக்குள் அழுத்தம் மிகுந்து பார்வைக்கே ஆபத்து நேரக்கூடும்.

அளவுக்கு வைத்தியர்கள் ஒரு சுலபமான வழி சொல்லுகிறார்கள். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ஒரே கோடாகக் களிம்பைப் பிதுக்கினால் அது சுமார் அரை கிராம். இதற்கு 'விரல் நுனி அளவு' என்று பெயர். விரல்களைச் சேர்த்து வைத்த இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்துக்கு அது போதும். வளர்ந்தவர்களுக்கு ஒரு கை முழுவதற்கும், மணிக்கட்டு வரை, 3 அளவு வேண்டும். மணிக்கட்டுக்குக் கீழே 1 அளவு. ஒரு காலுக்கு 6, பாதத்துக்கு 2. குழந்தைகளுக்கு இதைவிட மிகக் குறைவு. அதை வைத்தியரே சொல்லவேண்டும். மெல்லியதாகத் தடவினால் போதும். சந்தனம் அப்புவது போல் அப்பினால் வேகமாகக் குணமாகும் என்பதில்லை.

நாட்களைப் பற்றி: வைத்தியர் ஒரு வாரம் என்றால் ஒரு வாரந்தான். அதிவீரியமான குளோபெட்டசாலை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து பூசலாகாது என்றும், வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டலாகாது என்றும் விதி இருக்கிறது. போன வருஷத்துச் சீட்டைக் காட்டி இந்த வருஷம் வாங்குவதும், அண்ணனுக்கு எழுதிய சீட்டில் தம்பிக்கு வாங்குவதும் வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில் இரட்டிப்பு ஜாக்கிரதை அவசியம். அவர்களுடைய எடையை நோக்கத் தோலின் பரப்பு அதிகம். ஆகவே மருந்தும் அதிகமாக உட்செல்லும். வெளியிலிருந்து ஏராளமாக வந்து சேர்ந்தால், உள்ளே கார்ட்டிசால் சுரக்கும் சுரப்பி தன் வேலையை மறந்து உறங்கிவிடும். குழந்தையின் வளர்ச்சி குன்றவும் கூடும். இடுப்புத் துணிக்குள் மூடிய இடத்தில் பூசினால், துணியே கட்டுப் போட்டதுபோல் ஆகி மருந்தை மேலும் உள்ளே செலுத்தும். ஈரத் துணியால் வந்த சிவப்புக்கு ஈரத்தை மாற்றுவதே முதல் வைத்தியம்.

விட முடியாதவர்களுக்கு

மாதக்கணக்கில் முகத்தில் பூசி வந்து, நிறுத்தினால் எரிகிறது என்று தவிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அந்த எரிச்சல், முகத்துக்கு அந்தக் களிம்பு தேவை என்பதற்கு அத்தாட்சியல்ல. களிம்பு செய்த கெடுதலுக்கு அத்தாட்சி. சுருங்கிக் கிடந்த இரத்தக் குழாய்கள் ஒரேயடியாக விரிவதால் வருவது. வெட்கப்பட்டு மறைக்காமல், பழைய குழாயையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் போங்கள். உடனே நிறுத்துவதா, லேசான சரக்குக்கு மாறிப் படிப்படியாக நிறுத்துவதா என்று அவர் தீர்மானிப்பார். திண்டுக்கல்லில் 2022-ல் அரசாங்க மருத்துவக் கல்லூரியே திறந்திருக்கிறார்கள். வைத்தியருக்காக மதுரைக்கோ சென்னைக்கோ ஓடவேண்டும் என்ற காலம் போய்விட்டது. சிவப்பும் பருவும் பெரும்பாலும் தணியும். தோலில் விழுந்த வரித் தழும்பு மட்டும் ஒருமுறை விழுந்தால் மறைவதில்லை. ஆகையால் தாமதம் கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். கண்ணாடி மாடத்தில் உள்ள குழாய்களையெல்லாம் எடுத்து, பிள்ளைகளை உட்காரவைத்து, அந்தச் சிறு எழுத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். 'சோன்', 'சால்', 'லோன்' என்று வந்தால், இது யாருக்கு, எந்த இடத்துக்கு, எத்தனை நாளைக்கு என்று வைத்தியர் எழுதிய சீட்டு வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டு இருந்தால், பெயரும் தேதியும் எழுதிப் பத்திரமாக வையுங்கள். இல்லாவிட்டால், யாரும் இதுவரை பூசி வரவில்லையானால், அன்றைக்கே அதைக் கழித்துவிடுங்கள். யாராவது பூசி வருகிறார்களானால், மறுநாள் காலையில் அவரை அழைத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.